கோபுரத்தில் ஆள் இல்லாத நேரம்

தலத்தெரு, காரைக்கால்
12.6.2023

சேசு மரி சூசை துணை

அன்புத் தங்கை ஜெயமேரிக்கு,

அண்ணன் சந்தனசாமி எழுதுவது. அங்கே குளிர் விட்டிருக்கும், உன் முழங்கால் வலியும் கூடவே விட்டிருந்தால் சந்தோஷம். எனக்குக் காதைத் தவிர மற்றதெல்லாம் ஓடுகிறது. முப்பது வருஷம் நூல் மில்லில் நின்றவனுக்கு எழுபத்தோரு வயதில் இதுவும் இல்லாமல் இருக்குமா? யேசுராஜ் குவைத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை போன் செய்கிறான். ஜெமிமா பேசிவிட்டு ஒரு நோட்டில் எழுதிக் காட்டுகிறாள். யார் என்ன சொன்னாலும் மருமகளின் அந்த நோட்டு வழியாகத்தான் எனக்கு வருகிறது. நீ பாரிஸிலிருந்து போன் செய்து என்ன பயன்? நமக்குத் தபால்தான் சரி.

ஒரு செய்தி. அப்பாவின் மணி கிடைத்துவிட்டது. நகராட்சிக் கிடங்கில், உடைந்த நாற்காலிகளுக்கு அடியில் கவிழ்ந்து கிடந்ததாம். கடற்கரைச் சாலையில் மேடை கட்டி அதை வைக்கப் போகிறார்கள். பக்கத்தில் கல்லில் மணியின் வரலாறு பொறிப்பார்களாம். அந்த வேலையைப் பார்க்கிற இன்ஜினியர் புகழேந்தி வீடு தேடி வந்தார். "நீங்க பொம்பியே சவரிமுத்து மகன்தானே?" என்று கேட்டாராம். நோட்டில் அந்தச் சொல்லைப் பார்த்தேன், அதைக் கேட்டு எத்தனை வருஷமாயிற்று. தீயணைக்கிறவர்களுக்கு வெள்ளைக்காரன் வைத்த பேர், அவன் போன பிறகும் நம் தெருவில் அப்பாவோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

போய்ப் பார்த்தேன். விளிம்பில் மார்சேய் என்று ஊர்ப் பேரும் 1868 என்று வருஷமும் இன்னும் தெரிகிறது. தரைதட்டிய கப்பலில் இருந்து வாங்கியது என்று அப்பா சொல்வார். நெல் கிடங்குகள் எரிந்த வருஷத்துக்குப் பிறகு சந்தையடியில் கோபுரம் கட்டி மாட்டினார்களாம். அப்பா மேலே காவல் இருந்து புகை தெரிகிறதா என்று பார்ப்பார். துறைமுகத்துப் பக்கம் தீ என்றால் ஒரு அடி, சந்தைக்கு இரண்டு, தலத்தெருவுக்கு மூன்று. பொம்பியே ஆட்கள் தச்சு, கொத்து என்று ஆளுக்கொரு தொழிலில் இருப்பார்கள். எண்ணிக்கையைக் கேட்டுப் போட்டது போட்டபடி ஓடி வருவார்கள். மணி அடிக்காவிட்டால் ஒரு ஆளும் வராது.

வரலாற்றை நான்தான் எழுதித் தர வேண்டும் என்கிறார் புகழேந்தி. உனக்கு நினைவிருப்பதையெல்லாம் எழுது.

அன்புடன் அண்ணன்,
சந்தனசாமி

சார்செல், பிரான்ஸ்
9.7.2023

அன்புள்ள அண்ணனுக்கு,

ஜெயா எழுதிக்கொள்கிறேன். கடிதம் வந்தது. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, நாலாவது மாடி, லிப்ட் வாரத்தில் இரண்டு நாள் நின்றுவிடுகிறது. உங்கள் சர்க்கரை எப்படி? ஜெமிமா சொல்வதைக் கேட்டு நடந்துகொள்ளுங்கள்.

மணி பற்றிக் கேட்டிருந்தீர்கள். 1954இல் கொடி மாறிய அன்று யாரோ சந்தோஷத்தில் ஏறி மணியை அடிக்க, பெண்களெல்லாம் குடத்தில் தண்ணீரோடு ஓடி வந்தார்களாம். அப்பா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். நான் அப்போது பிறக்கவில்லை. கயிற்றில் அப்பாவின் கை பிடித்த இடம் மட்டும் கறுத்திருக்கும். கோபுரத்துக்கு நாற்பத்திரண்டு படி. வேறென்ன எழுத? நான் சின்னப் பிள்ளை.

கப்பல், கிடங்கு, அடி எண்ணிக்கை இவ்வளவும் போதாதா அண்ணா? கல்லில் அதற்குமேல் இடமும் இருக்காது. தீயைப் பற்றியெல்லாம் எழுத வேண்டாம் என்று தோன்றுகிறது. செத்தவர்களுடைய சனங்கள் இன்னும் ஊரில் இருப்பார்கள்.

வெயிலில் அலையாதீர்கள்.

உங்கள் தங்கை,
ஜெயமேரி

தலத்தெரு
2.8.2023

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கண்டேன். லிப்ட் நிற்கிற நாளில் வெளியே போகாமல் இரு. எனக்குச் சர்க்கரை நூற்றெழுபது, அதைவிட மோசமான விஷயம் ஒன்று இருக்கிறது.

தீயைப் பற்றி எழுத வேண்டாம் என்கிறாய். நான் எழுதாவிட்டாலும் அவர்கள் எழுதிவிட்டார்கள். கல்லில் பொறிக்கப்போகிற வாசகத்தைப் புகழேந்தி காட்டினார். அப்படியே தருகிறேன்: "1969 ஜூன் 4 அன்று கீழத்தோப்புக் குடிசைகளில் தீப்பிடித்தபோது, காவலர் பணியிடத்தில் இல்லாததால் மணி ஒலிக்கவில்லை. பதினான்கு உயிர்கள் பலியாயின. அத்துடன் மணி இறக்கப்பட்டது."

பேர் இல்லை. பேர் எதற்கு? ஊரில் வயதானவர்கள் எல்லோருக்கும் தெரியும். பொம்பியே சவரிமுத்து சாராயக்கடையில் கிடந்தான், அதனால் பிள்ளைகள் வெந்தன என்று ஐம்பத்து நாலு வருஷமாகப் பேசுகிறார்கள். என் கல்யாணத்துக்குப் பெண் கேட்டுப் போன இடத்தில் அதைத்தானே சொன்னார்கள்? அப்பா வாயில் ஒரு சொட்டு பட்டதில்லை என்று உனக்கும் எனக்கும் தெரியும். வேலை போய், அரிசி மண்டியில் மூட்டைக்குக் காவல் இருந்து, ஐம்பது வயதில் செத்தார். ஒருவரிடமும் ஒரு வார்த்தை தன் பக்கம் சொல்லவில்லை.

யாரோ மேலதிகாரி அவரை வேறு வேலைக்கு அனுப்பிவிட்டு, பிறகு கைகழுவிவிட்டார் என்பது என் எண்ணம். அதை நிரூபிக்காமல் விடமாட்டேன். வாசகத்தை மாற்றச் சொல்லி மனு கொடுத்திருக்கிறேன். ஆதாரம் கேட்கிறார்கள்.

நான் அன்றைக்கு ஊரில் இல்லை. எஸ்.எஸ்.எல்.சி. பெயிலான நாள் அது. மாயவரம் போய் சினிமா பார்த்துவிட்டுச் சாயங்காலம்தான் வந்தேன். ஆனால் நீ இருந்தாய். தினமும் மூன்று மணிக்கு அப்பாவுக்குக் காபி கொண்டுபோவது நீதான். அன்று கொண்டுபோனாயா? அப்பா மேலே இருந்தாரா? யாராவது வந்து கூப்பிட்டார்களா? நன்றாக யோசித்து எழுது.

அண்ணன்,
சந்தனசாமி

தலத்தெரு
20.9.2023

அன்புத் தங்கைக்கு,

ஏழு வாரமாயிற்று. உனக்கு உடம்பு சரியில்லையோ என்று பயந்து ஜெமிமாவைப் போன் செய்யச் சொன்னேன். நன்றாக இருக்கிறாய், சந்தைக்குப் போயிருந்தாய் என்று எழுதிக் காட்டினாள். அப்படியானால் என் கடிதம் வரவில்லை போலிருக்கிறது. கேட்டதையே மறுபடி கேட்கிறேன். 1969 ஜூன் நாலு, மூன்று மணி. அப்பாவுக்குக் காபி கொண்டுபோனாயா?

வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு இந்தத் தடவையும் நடந்தே போய் வந்தேன். உன் காலுக்காக மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

அண்ணன்,
சந்தனசாமி

சார்செல்
15.10.2023

அன்புள்ள அண்ணனுக்கு,

தாமதத்துக்கு மன்னியுங்கள். இரண்டு கடிதமும் வந்தன. மெழுகுவர்த்திக்கு நன்றி.

அன்று எனக்குக் காய்ச்சல். வீட்டிலேயே படுத்திருந்தேன். காபி கொண்டுபோகவில்லை. அதனால் எனக்கு ஒன்றும் தெரியாது.

அப்பாவே பேசாமல் இருந்துவிட்ட விஷயம் அண்ணா. அவர் விருப்பம் அதுதான் என்று நினைத்து நாமும் விட்டுவிடக் கூடாதா? உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

இங்கே இலையெல்லாம் கொட்டிவிட்டது. கம்பளி போட்டால்தான் வெளியே போகலாம். சர்க்கரையைக் குறையுங்கள்.

தங்கை,
ஜெயமேரி

தலத்தெரு
28.11.2023

அன்புத் தங்கைக்கு,

இங்கே நல்ல மழை. அரசலாறு கரை தொட்டு ஓடுகிறது. எனக்கு லேசாகச் சளி, வேறொன்றுமில்லை. நீ கம்பளி இல்லாமல் இறங்காதே.

காய்ச்சல் என்று எழுதியிருந்தாய். நான் அன்று பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போது நீ தெருமுனையில் நின்றிருந்தாய். என்னைக் கண்டதும் ஓடி வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதாய், விலக்க விலக்க விடவில்லை. தீயைப் பார்த்துப் பயந்துவிட்டாய் என்று நினைத்தேன். காய்ச்சல்காரப் பிள்ளை மாதிரி எனக்கு நினைவில்லை. போகட்டும், ஒன்பது வயதில் நடந்தது உனக்கு எப்படித் தெரியும்?

விசாரணைக் கோப்பு கிடைத்துவிட்டது. மூன்றே தாள். புகழேந்தி தேடி எடுத்து நகல் கொடுத்தார், நல்ல மனிதர். அதில் சாராயம் என்ற சொல்லே இல்லை ஜெயா! "காவலர் சவரிமுத்து மூன்று மணி முதல் நாலே கால் வரை கோபுரத்தில் இல்லை. திரும்பி வந்தபோது உடை முழுதும் நனைந்திருந்தது. எங்கே போனார் என்று மூன்று முறை கேட்டும் பதில் சொல்ல மறுத்தார்." இவ்வளவுதான். உடை ஏன் நனைந்தது? தீயணைக்கத் தண்ணீர் சுமந்திருப்பார், வேறென்ன? ஆனால் அப்படியென்றால் அதைச் சொல்வதில் அவருக்கு என்ன கஷ்டம்? ஒன்றரை மாதமாக இதுவேதான் என் மண்டைக்குள்.

கோப்பில் செத்தவர்கள் பட்டியலும் இருந்தது. பதினாலில் ஒன்பது குழந்தைகள். அதில் இரண்டு பேருடைய தாய் இன்னும் உயிரோடு இருக்கிறார். குஞ்சம்மா என்று பேர். மீன் விற்றவர். தோப்பு எரிந்த பிறகு மண்டபத்தூருக்குப் போய், அப்புறம் பிறந்த மகளோடு இருக்கிறார். எண்பத்தைந்து வயதிருக்கும். ஜெமிமாவைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். அடித்து விரட்டுவார் என்று நினைத்துத்தான் போனேன். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். வெகுநேரம் பேசினார். கையைக் கடல் பக்கம் காட்டிக் காட்டிப் பேசினார். ஜெமிமா இரண்டு வரிதான் எழுதினாள்: "அன்று எதையும் பார்க்கவில்லையாம். பிள்ளைகளைப் பற்றியே சொல்கிறார்." அவ்வளவு நேரம் பேசியதற்கு இரண்டு வரியா என்று கேட்டேன். தலையை ஆட்டினாள். அவள் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. பிள்ளை பெற்றவள், தாங்கவில்லை போலும்.

மறுபடி போவேன். அந்த அம்மாளுக்கு ஏதோ தெரியும்.

அண்ணன்,
சந்தனசாமி

காரைக்கால்
1.12.2023

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

ஜெமிமா எழுதுகிறேன். உங்கள் உடல்நலத்துக்காக ஜெபிக்கிறோம். நான் இதுவரை உங்களுக்குக் கடிதம் எழுதியதில்லை. போனில் சொல்லலாம் என்று மூன்று நாளாகப் பார்த்தேன். மாமாவுக்குக் கேட்காது என்றாலும் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். அதனால் நான் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

குஞ்சம்மா பாட்டி சொன்னதை நான் நோட்டில் எழுதவில்லை. மாமாவிடம் பொய் சொல்லிவிட்டேன். அவர் சொன்னது இது:

"பொம்பியேகாரர அன்னிக்கு நான் பாத்தேம்மா. மீனு வாங்கிட்டுக் கரையிலேருந்து ஏறுறேன். காக்கி உடுப்போட சைக்கிளக் கீழ போட்டுட்டு ஓடுறாரு. கழுத்தளவு தண்ணியில போயி, சந்தனம், சந்தனம்னு கத்துறாரு. அலை அடிச்சுப் பொரட்டுது. நாங்க நாலு பொம்பளைங்க கூடையைப் போட்டுட்டுப் போயி இழுத்தாந்து உக்கார வெச்சோம். எம்புள்ள போயிட்டான், எம்புள்ள போயிட்டான்னு மண்ண வாரித் தலையில போட்டுக்கிட்டாரு. அவரத் தேத்திட்டு நான் வீட்டுக்கு வர்றேன், தோப்பு முழுக்க எரியுது. ரெண்டும் உள்ளதான் தூங்கிட்டிருந்துச்சு. அவரு மேல எனக்குக் கோவம் இல்ல. எம்புள்ளையும் புள்ள, அவரு புள்ளையும் புள்ள."

"விசாரணையில இதச் சொல்லலையா பாட்டி?" என்று கேட்டேன்.

"மீன்காரியை யாரும்மா கேட்டா?" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் புள்ள கெடச்சுதாம்மா?" என்று கேட்டார்.

மாமா எதிரிலேயே உட்கார்ந்து, நான் எழுதுவதற்காக நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொம்பியேகாரர் மகன் என்று மட்டும்தான் சொல்லியிருந்தோம், அவருடைய பேர் அந்தப் பாட்டிக்குத் தெரியாது. நான் குனிந்து பொய்யாக இரண்டு வரி எழுதிக் காட்டினேன்.

மறுபடி போக வேண்டும் என்று மாமா தினமும் கேட்கிறார். நான் என்ன செய்ய வேண்டும் அத்தை? உங்களுக்கு இது தெரியுமா? தயவுசெய்து பதிலைக் கடிதமாக அனுப்ப வேண்டாம். தபால்காரரிடம் மாமாதான் வாங்குவார். நாலரை மணிக்குமேல் பள்ளி விட்டு வரும் வழியில் இருப்பேன், போன் செய்யுங்கள்.

ஜெமிமா

சார்செல்
3.1.2024

அன்புள்ள ஜெமிமாவுக்கு,

நீயும் யேசுராஜும் பிள்ளையும் இந்தப் புது வருஷத்தில் சுகமாக இருக்க வேண்டும். போன் செய்யச் சொல்லியிருந்தாய். ஐந்து தடவை எடுத்தேன். நீ "அத்தை" என்றதும் வேறு ஏதோ பேசிவிட்டு வைத்துவிட்டேன், உனக்கே தெரியும். இதை வாயால் சொல்ல எனக்கு வரவில்லை அம்மா. உறைமேல் உன் பேரைப் பெரிதாக எழுதி அனுப்புகிறேன். அண்ணன் அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்கிறவர் இல்லை.

தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும்.

அன்று அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். காபித் தூக்கை எடுக்கப் போனபோது மாதா படத்துக்குக் கீழே ஒரு காகிதம் இருந்தது. அண்ணன் கையெழுத்து. "அம்மா, நான் பெயில். அப்பா முகத்தில் விழிக்க முடியாது. கடலுக்குப் போகிறேன். தேட வேண்டாம்." எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். காபியை அங்கேயே வைத்துவிட்டுக் கோபுரத்துக்கு ஓடினேன். நாற்பத்திரண்டு படியும் ஏறி அப்பா கையில் கொடுத்தேன். அவர் படித்தார். அடிவானத்தை ஒரு தடவை சுற்றிப் பார்த்தார், எங்கேயும் புகை இல்லை. இறங்கிவிட்டார். என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார். நான் தெருமுனையிலேயே நின்றேன். தீ கிளம்பியதைக் கண்ணால் பார்த்தேன். மணிக்கயிற்றை நான் போய் இழுத்திருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை.

அண்ணன் சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்கினார், சட்டை கசங்காமல்.

அன்று அப்பா என்னைத் தனியே கூப்பிட்டு, "அவனுக்குச் சொல்லாத. இதுனாலதான்னு தெரிஞ்சா நெசமாவே கடலுக்குப் போயிடுவான்" என்றார். காகிதத்தை அடுப்பில் போட்டார். சாகிறதற்கு முந்தின வாரம் என் கையைப் பிடித்து அதையே மறுபடி சொன்னார். நான் சத்தியம் செய்தேன். என் வீட்டுக்காரருக்குக்கூடச் சொன்னதில்லை.

ஆகவே, நீ செய்தது சரி. நோட்டில் எழுதாதே. மண்டபத்தூருக்குக் கூட்டிப்போகாதே. மழை என்று சொல், பஸ் இல்லை என்று சொல். கல்லில் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும். படித்ததும் இதைக் கிழித்துவிடு.

அத்தை,
ஜெயமேரி

தலத்தெரு
2.2.2024

ஜெயா,

ஜெமிமா பேருக்கு நீ எழுதிய கடிதம் ஜனவரி இருபத்திரண்டாம் தேதி வந்தது. உன் கையெழுத்தைப் பார்த்ததும் பிரித்துவிட்டேன். மேலே யார் பேர் என்று பார்க்கவில்லை. உன்னிடமிருந்து இந்த வீட்டுக்கு வருகிற கடிதமெல்லாம் எனக்குத்தானே வரும்? முதல் வரியில் ஜெமிமா என்று இருந்தது. அங்கேயே மடித்திருக்க வேண்டும். "தெரியும்" என்ற வார்த்தை கண்ணில் பட்டுவிட்டது.

அந்தக் காகிதம் காற்றில் போய்விட்டது என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். வந்ததும் முதலில் அதைத்தான் தேடினேன். காணவில்லை. யாரும் ஒன்றும் கேட்கவுமில்லை. தப்பித்தோம் என்று அவ்வளவு நிம்மதி எனக்கு. ஊரே அழுதுகொண்டிருந்தபோது நான் உள்ளே சந்தோஷமாக இருந்தேன். சாவதாக எனக்கு உத்தேசமே இல்லை ஜெயா. அடி விழாமல் இருப்பதற்காக எழுதியது.

அப்பா அதற்குப் பிறகு என்னை ஒரு நாளும் திட்டவில்லை. தன் வேலை போன அவமானத்தில் என்னைத் திட்ட வாய் வரவில்லை என்று நான் கணக்குப் போட்டிருந்தேன்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. நீ ஒன்பது வயது. மனுவைத் திரும்ப வாங்கிவிட்டேன். இனி என்னால் எழுத முடியும் என்று தோன்றவில்லை. குளிரில் வெளியே போகாதே.

சந்தனசாமி

சார்செல்
24.2.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவே பயமாக இருக்கிறது. அன்றைக்கும் காகிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தது நான். இன்றைக்கும் நான்தான். ஜெமிமா எழுத வேண்டாம் என்றாள். கேட்கவில்லை.

அப்பா கடலில் இறங்கியது நீங்கள் வேண்டும் என்பதற்காகத்தானே? நீங்கள் திரும்பி வந்த அன்று அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு சிலுவை போட்டுக்கொண்டார். நான் பார்த்தேன். அதை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வரி போதும், எழுதுங்கள். மருந்தை விட்டுவிடாதீர்கள்.

உங்கள் ஜெயா

காரைக்கால்
20.4.2024

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

உங்கள் மூன்று கடிதங்களும் வந்தன. மாமா எழுதமாட்டார் என்பதால் நான் எழுதுகிறேன். உயிருக்குப் பயமில்லை. சாப்பாடு பாதியாகிவிட்டது. சர்க்கரை மாத்திரையை நான் கையில் கொடுத்தால் போட்டுக்கொள்கிறார். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? வீட்டில் தனியாக இருக்காமல் கோயிலுக்காவது போய் வாருங்கள்.

நடந்ததை உங்களுக்குச் சொல்ல வேண்டும். தவக்காலம் முடிகிற வாரத்தில் மாமா என் முன்னால் வந்து நின்று, "மண்டபத்தூர் போவணும்மா" என்றார். மறுக்க எனக்கு மனம் வரவில்லை. பஸ்ஸில் போனோம். குஞ்சம்மா பாட்டி வாசலில் வலைத் துண்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். மாமா உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார்: "அம்மா, எங்கப்பா கூப்பிட்ட அந்தச் சந்தனம் நான்தான்."

பாட்டி நிமிர்ந்து அவரைப் பார்த்தார். "கெடச்சிட்டீங்களா" என்றார். எழுதிக் காட்டினேன்.

"நான் கடலுக்கே போவல. பொய்யா எழுதி வெச்சுட்டு மாயவரம் போனேன். சினிமா பாத்தேன்."

பாட்டி வலையைக் கீழே வைத்தார். "என்ன படம்?" என்று கேட்டார்.

கோபமாகக் கேட்கவில்லை அத்தை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்கு அதை எழுதக் கை வரவில்லை. மாமா நோட்டையே பார்த்துக்கொண்டு நின்றதால் எழுதினேன். படித்தார். அவர் உதடு எதையோ தேடுவதுபோல் அசைந்தது. பிறகு, "ஞாபகம் இல்லம்மா" என்றார்.

பாட்டி தலையை ஆட்டினார். வலைத் துண்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, "இதுக்கு மேல எனக்குக் கேக்க ஒண்ணுமில்ல. நாலு மணி பஸ்ஸு போயிடும், போயிட்டு வாங்க" என்றார். முதல் தடவை போல் தண்ணீர் கொடுக்கவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மணி மேடை சென்ற வாரம் திறந்தார்கள். மாமா வரவில்லை. நான் பிள்ளையோடு போனேன். யாரும் அடித்துவிடக் கூடாது என்று நாக்கைக் கழற்றிவிட்டு, மணியைச் சங்கிலி போட்டு இறுக்கியிருக்கிறார்கள். கல்லில் வாசகம் அப்படியேதான் இருக்கிறது. "பெரியவர் இவ்வளவு அலைஞ்சிட்டு ஏம்மா மனுவத் திரும்ப வாங்கினார்?" என்று புகழேந்தி சார் கேட்டார். உடம்பு முடியவில்லை என்று சொல்லிவிட்டேன். வேறு யாரும் கேட்கவில்லை.

உங்களிடம் மறைக்கக் கூடாது. பிப்ரவரி முதல் வந்த உங்கள் கடிதங்கள் மூன்றும் பிரிக்கப்படாமல் அவர் தலையணைப் பக்கத்தில் இருக்கின்றன. என்னையும் பிரிக்க விடுவதில்லை. ஆனால் பதினொரு மணிக்குத் தபால்காரர் வருகிற நேரம் தெரிந்து, பத்தரைக்கே சட்டை போட்டுக்கொண்டு வாசலில் போய் நிற்கிறார். உங்கள் கடிதம் இல்லாத நாளில் அவர் திரும்பி உள்ளே வருவதை என்னால் பார்க்க முடியவில்லை. அதனால் எழுதுங்கள் அத்தை. பதில் வராது. நீங்கள் மட்டும் எழுதிக்கொண்டிருங்கள்.

ஜெமிமா